சரிஸ்காவின் பரப்பு கூடுகிறது, பிறகு ஏன் எதிர்ப்பு? ஆரவல்லிக் காடுகளின் எல்லைச் சிக்கல்

2025-ஆம் ஆண்டில் ஆரவல்லி மலைத்தொடரைப் பற்றி இரண்டு செய்திகள் வந்தன. ஜூன் மாதம், ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தின் எல்லையை மாற்றி வரையும் திட்டத்துக்குத் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு ஒப்புதல் கொடுத்தது. நவம்பர் 20 அன்று, எதையெல்லாம் ஆரவல்லி மலை என்று கணக்கில் எடுக்கலாம் என்பதற்கான வரையறை ஒன்றை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சுற்றியுள்ள தரையிலிருந்து குறைந்தது 100 மீட்டர் உயர்ந்திருந்தால்தான் மலை என்றது அந்த வரையறை. பல மாநிலங்களில் எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 29 அன்று நீதிமன்றமே தன் தீர்ப்பை நிறுத்தி வைத்து, புதிய நிபுணர் குழு பார்க்கட்டும் என்றது.

செய்தியைப் படித்தவர்களுக்கு இரண்டு இடத்தில் குழப்பம். சரிஸ்காவில் புலிகளுக்கான மையப் பரப்பு கூடத்தானே செய்கிறது, பிறகு ஏன் எதிர்க்கிறார்கள் என்பது முதல் கேள்வி. சரணாலயங்களிலும் பூங்காக்களிலும் சுரங்கம் தோண்டத் தடை இருக்கும்போது, 100 மீட்டர் வரையறையால் காட்டு விலங்குகளுக்கு என்ன கெடுதல் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை சொல்ல, அந்த மலைகள் எப்படிப்பட்டவை, சட்டம் அவற்றில் எப்படிக் கோடு போடுகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வறண்ட மலை என்றால் எப்படி இருக்கும்?

ஆரவல்லி டெல்லியில் தொடங்கி, ஹரியானா, ராஜஸ்தான் வழியாக வடக்கு குஜராத் வரை கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் நீள்கிறது. இமயமலையை விடப் பல மடங்கு வயதான மலை. தென்மேற்கே மவுண்ட் அபுவில் உள்ள குரு சிகரம்தான் அதன் உச்சி, 1,722 மீட்டர். அங்கிருந்து வடகிழக்கே போகப் போக உயரம் குறைந்து, மலை துண்டு துண்டாகிவிடும். நடுவில் வயல்கள், ஊர்கள், புதர்க்காடு, அப்புறம் இன்னொரு குன்று வரிசை. மேற்குத் தொடர்ச்சி மலையை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் புரியாது. கோடை முழுக்கப் பச்சையாக நிற்கும் சோலைகளோ, ஆண்டு முழுவதும் ஓடும் ஓடைகளோ இங்கே இல்லை.

அரபிக் கடலிலிருந்து வரும் பருவக்காற்று வீசும் திசைக்கு இணையாகவே இந்த மலை கிடப்பதால், காற்றை மறித்து மழையைப் பெரிதாக வாங்க அதனால் முடிவதில்லை. பெய்கிற மழையில் பெரும்பகுதி ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் முடிந்துவிடுகிறது. மீதி ஒன்பது மாதங்களைக் காடு அந்தத் தண்ணீரை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். பாறையின் வெடிப்புகள் வழியாக மழைநீர் இறங்கி, அடிவாரத்துக் கிணறுகளிலும் பள்ளத்தாக்கு ஊற்றுகளிலும் தலைகாட்டுகிறது. அடிவாரத்தில் குவாரிக் குழியை ஆழமாக வெட்டி, ஊறுகிற தண்ணீரை மோட்டார் வைத்து வெளியே இறைத்தால், அக்கம்பக்கத்து ஊற்றும் கிணறும் வற்றும். அந்தக் குழி காப்பகத்தின் எல்லைக்கு வெளியே இருந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் நிலத்தடி நீருக்கு எல்லைக்கல் கிடையாது.

இந்தக் காட்டின் முக்கிய மரம் தோக். நம் சத்தியமங்கலம், நீலகிரி அடிவாரக் காடுகளில் காணும் வெக்காலியின் நெருங்கிய உறவு. சரிஸ்காவிலும் ரன்தம்போரிலும் மலைச்சரிவுகளை மூடியிருப்பது பெரும்பாலும் இதுதான். கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து, சரிவு முழுக்கச் சாம்பல் நிறக் குச்சிகளாக நிற்கும். பார்ப்பவர்கள் காடு செத்துவிட்டது என்றே நினைப்பார்கள். முதல் மழை விழுந்து சில நாட்களில் மலை மொத்தமும் பச்சையாகிவிடும். ஆடுமாடு விடாமல் மேயும் இடத்தில் இதே மரம் நிமிர்வதில்லை, தரையோடு படர்ந்து முழங்கால் உயரப் புதராகவே கிடக்கும். மேய்ச்சல் குறைந்தால் அதே வேரிலிருந்து மீண்டும் மரமாக எழும். ஒரு சரிவு ‘சீரழிந்த நிலம்’ என்று அரசுக் கோப்பில் எழுதப்பட்டிருந்தால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கு இந்த மரம் போதும். புதராகத் தெரிவது, விட்டுவைத்தால் காடாகக் கூடியது.

இந்த வறட்சியிலிருந்து மூன்று விஷயங்கள் பிறக்கின்றன. பின்னால் வரும் சட்டச் சிக்கல்கள் எல்லாம் இவற்றோடு பின்னியவை.

1. கோடையில் விலங்குகள் தண்ணீர் இருக்கும் சில இடங்களில் குவிகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் கடமான், புள்ளிமான், நீலான், காட்டுப்பன்றி என எல்லாம் ஒரே குட்டையைச் சுற்றியே இருக்கும், புலியும் சிறுத்தையும் அங்கேயே காத்திருக்கும். வேட்டைக்காரனுக்கும் அந்த இடம் தெரியும். ஆகவே ஒரு காப்பகத்தில் எத்தனை சதுர கிலோமீட்டர் இருக்கிறது என்பதோடு, கோடைத் தண்ணீர் கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

2. இரை குறைவாகவும் சிதறியும் இருப்பதால், இளம் ஆண் புலிகள் புதிய இடம் தேடி வெகுதூரம் போகின்றன. 2024-இல் சரிஸ்காவிலிருந்து கிளம்பிய ஒரு புலி, தாழ்ந்த குன்றுகளும் வயல்களும் வழியாக நடந்து ஹரியானாவின் ரேவாரி மாவட்டத்துக்குப் போய் ஜாபுவா காட்டில் மாதக்கணக்கில் தங்கியது. கடைசியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து பூந்தி மாவட்டத்தின் ராம்கர் விஷ்தாரி புலிகள் காப்பகத்தில் விட்டார்கள்.

3. மனிதர்களுக்கும் அதே தண்ணீர், அதே புல். மலையை ஒட்டி வாழும் குஜ்ஜர், ராய்க்கா, மீனா மக்களின் வாழ்க்கை மழைக்கால மேய்ச்சலை நம்பியிருக்கிறது.

ஒரே காடு, பல பெயர்கள்

சரிஸ்காவை ஒருவர் தேசியப் பூங்கா என்கிறார், இன்னொருவர் சரணாலயம் என்கிறார், மற்றொருவர் புலிகள் காப்பகம் என்கிறார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பல வகைப் பாதுகாப்பை வைத்திருக்கிறது. ஒரே நிலத்தின் மேல் ஒன்றுக்கு மேற்பட்டவை அடுக்கடுக்காக இருக்கலாம்.

வனவிலங்கு சரணாலயம். சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி மாநில அரசு முதலில் ‘இந்த நிலத்தைச் சரணாலயமாக்க எண்ணியிருக்கிறோம்’ என்று அறிவிக்கும். அதன் பிறகு மாவட்ட ஆட்சியர், அந்த நிலத்தில் யார் யாருக்கு என்ன உரிமை என்று விசாரிக்க வேண்டும். மேய்ச்சல், பாதை, விறகு, கோயிலுக்குப் போகும் வழி எல்லாம் இதில் அடங்கும். ஆட்சியர், தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்துகொண்டு, சில உரிமைகளைச் சரணாலயத்துக்குள் தொடர அனுமதிக்கலாம். மேய்ச்சல் இங்கே முற்றிலும் தடை செய்யப்பட்டதில்லை, கட்டுப்படுத்தப்பட்ட ஒன்று.

தேசியப் பூங்கா. இது 35-ஆம் பிரிவு. இங்கே எந்தத் தனிமனித உரிமையும் மிஞ்சக் கூடாது, எல்லாம் அரசிடம் வந்துசேர வேண்டும். அதற்குப் பிறகுதான் இறுதி அறிவிக்கை வெளியிட முடியும். மேய்ச்சலுக்கு அறவே இடமில்லை. ராஜஸ்தானில் ரன்தம்போர் 1980-இல் இந்தத் தகுதியைப் பெற்றது. சரிஸ்காவில் சுமார் 274 சதுர கிலோமீட்டரைப் பூங்காவாக்கும் எண்ணத்தை அரசு 1982-இல் அறிவித்தது. உள்ளே ஊர்கள் இருந்தன, உரிமைகள் தீர்க்கப்படவில்லை, அதனால் இறுதி அறிவிக்கை வராமல் பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. சுற்றுலாப் பலகைகளில் ‘சரிஸ்கா தேசியப் பூங்கா’ என்று இருப்பதற்கும் ஆவணங்கள் வேறு சொல்வதற்கும் இதுதான் காரணம்.

புலிகள் காப்பகம். புலித் திட்டம் 1973-இல் தொடங்கியது, ஆனால் புலிகள் காப்பகம் என்பதற்குச் சட்டத்தில் தனி இடம் கிடைத்தது 2006-இல் வந்த திருத்தத்தில்தான். இதில் இரண்டு வட்டங்கள் உண்டு. உள்மண்டலம், அதாவது புலிகளின் முக்கிய வாழிடம், மனிதத் தலையீடு இல்லாமல் வைக்க வேண்டிய பகுதி. வெளிமண்டலம், மனிதர்களும் விலங்குகளும் சேர்ந்து இருக்கும் பகுதி. முதுமலை, சத்தியமங்கலம் செய்திகளில் அடிக்கடி வரும் அதே சொற்கள்தான் இவை. ஒரு காப்பகத்துக்குள் பூங்காவும் சரணாலயமும் சேர்ந்தே இருக்கலாம். ரன்தம்போர் புலிகள் காப்பகத்துக்குள் ரன்தம்போர் தேசியப் பூங்காவும் சவாய் மான்சிங், கைலாதேவி சரணாலயங்களும் அடங்கியிருக்கின்றன.

பாதுகாப்பு ஒதுக்கிடம், சமூக ஒதுக்கிடம். இவை 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தவை. முதலாவது அரசு நிலத்தில், பெரும்பாலும் இரண்டு காப்பகங்களுக்கு இடையே இருக்கும் வழித்தடங்களுக்காக. இரண்டாவது சமூகத்தின் அல்லது தனியாரின் நிலத்தில். இரண்டிலும் மக்கள் வெளியேற்றப்படுவதில்லை.

சூழல் உணர்திறன் மண்டலம். இது சரணாலயம், பூங்காவின் எல்லையைச் சுற்றி வரும் வளையம். 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு சரணாலயத்துக்கும் பூங்காவுக்கும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் வளையம் வேண்டும் என்றதும், கேரளத்தில் எழுந்த போராட்டங்கள் நினைவிருக்கும். அந்த உத்தரவின் பின்னணியில் இருந்த விவகாரங்களில் ஒன்று ஆரவல்லியில் நடந்தது, ஜெய்ப்பூர் அருகே ஜம்வா ராம்கர் சரணாலயத்தை ஒட்டிய சுரங்கங்கள். 2023 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த ஒரு கிலோமீட்டர் கட்டாயத்தைத் தளர்த்தியது. ஆனால் சுரங்கத்துக்கு மட்டும் தளர்த்தவில்லை. சரணாலயத்துக்குள்ளும் பூங்காவுக்குள்ளும், அவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் சுரங்கம் கூடாது என்பது அப்படியே நிற்கிறது.

இந்த உத்தரவுகள் எல்லாம் வந்தது டி.என். கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில். நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-இல் நிலம்பூரைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த வழக்கு அது. முப்பது ஆண்டுகளாக முடியாமல் ஓடி, நாட்டின் காடுகள் பற்றிய பெரிய உத்தரவுகளில் பலவற்றுக்கும் மேடையாகிவிட்டது. 100 மீட்டர் தீர்ப்பும் அதே வழக்கின் கிளையில்தான் வந்தது.

சரிஸ்கா: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அல்வார் மன்னர்களின் வேட்டைக்காடாக இருந்த சரிஸ்கா, 1950-களில் சரணாலயமாகி, 1978-இல் புலித் திட்டத்துக்குள் வந்தது. மலை முழுக்கப் பளிங்கும் டோலமைட்டும். காப்பகத்துக்குள்ளேயே நூற்றுக்கணக்கான சுரங்கங்கள் நடந்தன. தருண் பாரத் சங்கம் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், 1990-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அவற்றை மூட வைத்தது. அப்படியும் 2004-05 வாக்கில் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை. கள்ள வேட்டை மொத்தத்தையும் துடைத்துவிட்டது. நாடே அதிர்ந்துபோய் 2005-இல் பிரதமர் புலிப் பணிக்குழுவை அமைத்தார், அதன் தொடர்ச்சியாகத்தான் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் சட்டபூர்வமாக வந்தது.

2008 ஜூன் 28 அன்று ரன்தம்போரில் பிடிக்கப்பட்ட ஓர் ஆண் புலி, விமானப்படை ஹெலிகாப்டரில் சரிஸ்காவுக்கு வந்தது. புலிகளே இல்லாமல் போன ஒரு காப்பகத்தில் வேறிடத்துப் புலிகளைக் கொண்டுவந்து குடியேற்றியதில் இந்தியாவில் இதுவே முதல் முயற்சி. அந்தப் புலி 2010 நவம்பரில் விஷம் வைத்த இரையைத் தின்று செத்தது. முதல் குட்டிகளைப் பார்க்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அங்கே நாற்பதுக்கும் மேற்பட்ட புலிகள் இருக்கின்றன. இவ்வளவு பாடுபட்டு மீட்ட இடம் என்பதால்தான் எல்லையில் கை வைத்ததும் இத்தனை பேர் பதறுகிறார்கள். பதறுவதில் நியாயம் இருக்கிறது.

2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், சரிஸ்காவின் உள்மண்டலத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் சுரங்கங்களை நிறுத்தச் சொன்னது. அதோடு எல்லையை முறைப்படுத்தும் வேலையும் தொடங்கியது. குழப்பமாகக் கிடந்த எல்லையைச் சரிசெய்யச் சொன்னதில் தவறில்லை. மாநில அரசு கொண்டுவந்த வரைபடத்தில்தான் பிரச்சினை. அதன் கணக்கு தோராயமாக இப்படி:

1. இப்போதைய உள்மண்டலம்: 881 சதுர கி.மீ.
2. அதிலிருந்து வெளியேறுவது: 48 சதுர கி.மீ.
3. புதிதாகச் சேர்வது: 91 சதுர கி.மீ.
4. புதிய உள்மண்டலம்: 924 சதுர கி.மீ.

இதைப் பார்த்தால் 43 சதுர கிலோமீட்டர் லாபம். தலைப்புச் செய்திகளும் அப்படித்தான் வந்தன. வெளிமண்டலத்தின் கணக்கையும் பக்கத்தில் வைத்தால் படம் மாறும். அது 246-லிருந்து 203 ஆகக் குறைகிறது. சேர்கிற 91 சதுர கிலோமீட்டரும் வெளிமண்டலத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது, நீக்கப்படும் 48 அதே வெளிமண்டலத்துக்குப் போகிறது. இரண்டையும் கூட்டினால் முன்பும் 1,127, இப்போதும் 1,127. காப்பகத்துக்குப் புதிதாக ஓர் அடி நிலம்கூட வரவில்லை. நடந்திருப்பது பண்டமாற்று.

அந்தப் பண்டமாற்றில் எது போகிறது என்று பார்க்க வேண்டும். நீக்கப்படும் நிலம் பெரும்பாலும் தெற்கே தெஹ்லா பக்கம், மனிதத் தலையீட்டால் சீரழிந்தது என்று சொல்லப்படும் சரிவுகள். அதை ஒட்டித்தான் மூடிக்கிடக்கும் பளிங்கு, டோலமைட் சுரங்கங்கள் இருக்கின்றன. தடை ‘உள்மண்டல எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர்’ என்று அளக்கப்படுவதால், எல்லை உள்ளே நகர்ந்தால் தடை வளையமும் கூடவே நகரும். சுரங்கம் இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் சட்டத்தின் கண்ணில் அது தடைப் பகுதிக்கு வெளியே போய்விடும். ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் இப்படி மறுபடி திறக்க வழி கிடைக்கும் என்று செய்திகள் சொல்லின. முதல் கேள்விக்கு விடை இதுதான்: பரப்பு கூடுகிறதா என்பதை விட, கோடு எந்தப் பக்கம் நகர்கிறது, அங்கே என்ன இருக்கிறது என்பது முக்கியம். தோக் மரச் சரிவு ஒன்றைச் சீரழிந்தது என்று சொல்லிக் கழற்றிவிடுவது, அது மீண்டு எழும் வாய்ப்பையும் சேர்த்துக் கழற்றிவிடுவதுதான். என் பார்வையில் இந்தத் திட்டத்தின் பெரிய குறை இதுவே.

எல்லையை மாற்ற மாநில அரசு மட்டும் முடிவெடுக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். புலிகள் காப்பகத்தின் எல்லைக்கு, புலிகள் ஆணையத்தின் பரிந்துரையும் தேசிய வாரியத்தின் ஒப்புதலும் தேவை. சரணாலயம், பூங்காவின் எல்லைக்குத் தேசிய வாரியத்தின் பரிந்துரை தேவை.

100 மீட்டர் எங்கிருந்து அளக்கப்படுகிறது?

கடல் மட்டத்திலிருந்து அல்ல. ஒரு குன்றை முழுதாகச் சுற்றிவரும் மிகத் தாழ்ந்த சம உயரக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். ஒரு குன்றின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டரில் இருக்கிறது, சுற்றியுள்ள தரை 320 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குன்றின் உயரம் 80 மீட்டர். இந்த வரையறைப்படி அது ஆரவல்லி மலை கிடையாது. 100 மீட்டரைத் தாண்டிய இரண்டு மலைகள் 500 மீட்டருக்குள் இருந்தால் அவை சேர்ந்து ‘தொடர்’ ஆகும், நடுவில் உள்ள நிலமும் சேரும்.

இந்திய வன ஆய்வு நிறுவனம் முன்பு சரிவின் கோணத்தை வைத்து, 3 டிகிரிக்கு மேல் சாய்ந்த நிலத்தை மலையாகக் கணக்கிட்டது. அதோடு ஒப்பிட்டால் 100 மீட்டர் அளவுகோலில் ஏராளமான குன்றுகள் விழுந்துவிடுகின்றன. ராஜஸ்தானில் வரைபடமாக்கப்பட்ட 12,081 குன்றுகளில் 1,048 மட்டுமே தேறும், அதாவது நூற்றுக்கு ஒன்பதுகூட இல்லை என்ற வன ஆய்வு நிறுவனக் கணக்கு வெளியே வந்ததும்தான் எதிர்ப்பு சூடுபிடித்தது.

அரசுத் தரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். நவம்பர் தீர்ப்பு, காப்பகங்களையும் அவற்றைச் சுற்றிய உணர்திறன் மண்டலங்களையும் சுரங்கத்துக்கு மூடியே வைத்தது, நாட்டுக்கு முக்கியமான, அணு, உத்தி சார்ந்த கனிமங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. நிலைத்த சுரங்க மேலாண்மைத் திட்டம் ஒன்று தயாராகும் வரை புதிய குத்தகை கூடாது என்றும் சொன்னது. ஆகவே நாளைக்கே 90 சதவீத ஆரவல்லி வெட்டப்படும் என்று பரவிய தகவல் மிகை.

ஆனால் கவலை பொய்யில்லை. வடக்கு ஆரவல்லியில் இரண்டு காப்பகங்களுக்கு நடுவே இருப்பவை இந்தத் தாழ்ந்த குன்றுகள்தான். ரேவாரிக்குப் போன புலி நடந்த வழி இப்படிப்பட்ட நிலம். கழுதைப்புலி, நரி, சிறுத்தை எல்லாம் இவற்றைப் பயன்படுத்துகின்றன. டெல்லியின் அசோலா பட்டி சரணாலயம் ஒரு காலத்தில் மணல், கல் வெட்டிய குழிகள் நிறைந்த இடம், அங்கே இன்று சிறுத்தைகள் வாழ்கின்றன என்றால் தெற்கே ஹரியானா வழியாகச் செல்லும் குன்றுத் தொடர்ச்சி இன்னும் அறுபடாததால்தான். அந்தக் குன்றுகள் சரணாலயமாகவும் இல்லை, காப்பகமாகவும் இல்லை. அவற்றில் பலவற்றுக்கு இருந்த முக்கியக் காப்பு ‘ஆரவல்லி’ என்ற பெயர்தான். வரையறை அந்தப் பெயரை எடுத்துவிட்டால் பல இடங்களில் சுரங்கத்துக்குச் சொல்லத் தனித் தடை எதுவும் மிஞ்சாது. இரண்டாவது கேள்விக்கு விடை இது. பூங்காக்கள் தப்பிக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பு இல்லாத தீவுகளாகிவிடும்.

குன்றுகள் காணாமல் போவது கற்பனையும் அல்ல. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட அறிக்கையில், ராஜஸ்தானில் மாதிரிக்கு எடுத்த 128 குன்றுகளில் 31 இல்லாமல் போயிருந்தன.

கோட்டுக்குள் இருக்கும் மனிதர்கள்

இதுவரை சொன்னதில் எதிரி சுரங்கம் என்று தோன்றும். காப்பகக் கோடு மனிதர்கள் மேலும் விழுகிறது, அதில் என் மனம் அவ்வளவு எளிதாக ஒரு பக்கம் சாய்வதில்லை.

கும்பல்கர் சரணாலயத்தைப் பாருங்கள். உதய்பூர், ராஜ்சமந்த், பாலி மாவட்டங்களில் சுமார் 600 சதுர கிலோமீட்டர், 1971-இல் அறிவிக்கப்பட்டது. ஓநாய், சிறுத்தை, கரடி வாழும் மலை. மழைக்காலத்தில் சமவெளி முழுக்கப் பயிர் நிற்கும், ஒட்டகத்தையும் ஆட்டையும் விட இடமிருக்காது. அந்த மாதங்களில் ராய்க்கா மேய்ப்பர்கள் மந்தைகளை மலைக்கு ஓட்டுவார்கள், அறுவடை முடிந்ததும் இறங்குவார்கள், வயல்களுக்கு எருவும் கிடைக்கும். தலைமுறைகளாக இருந்த ஏற்பாடு. 2000 பிப்ரவரியில் கோதவர்மன் வழக்கில் வந்த ஓர் உத்தரவு, சரணாலயங்களிலிருந்து காய்ந்த மரம், புல் உள்ளிட்டவற்றை அகற்றக் கூடாது என்றது. அது பின்னர் மேய்ச்சலுக்கும் தடை என்று வாசிக்கப்பட்டது. ராய்க்காக்களின் மழைக்கால வழி அடைபட்டது. ராஜஸ்தானில் ஒட்டகங்களின் எண்ணிக்கை 2012-இல் சுமார் 3.26 லட்சம், 2019-இல் 2.13 லட்சம். இதற்குக் காரணங்கள் பல, மேய்ச்சல் நிலம் சுருங்கியது அதில் முக்கியமான ஒன்று.

இதே கதை நமக்கும் புதிதல்ல. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழ்நாட்டின் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடுத்து, சில நாட்களில் அதைப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகங்களோடு நிறுத்திக்கொண்டது. தேனி மலைமாடு வளர்ப்பவர்களும் பர்கூர் மாடு வளர்ப்பவர்களும் அப்போது எழுப்பிய கேள்வியைத்தான் ராய்க்காக்களும் எழுப்புகிறார்கள்: 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் நாடோடி மேய்ப்பர்களின் பருவகால உரிமையையும் ஏற்கிறது, அப்படியிருக்க அந்த உரிமையை விசாரித்துத் தீர்க்காமல் வழியை எப்படி அடைப்பது?

மறுபக்கம், மேய்ச்சல் அளவு மீறினால் தோக் மரம் புதராகிவிடும் என்பதும் உண்மை. சரிஸ்காவில் ஹெலிகாப்டரில் வந்த புலி விஷத்தில் செத்ததும் மனித, கால்நடை மோதல்தான். உள்மண்டலத்திலிருந்து விரும்பி வெளியேறும் குடும்பத்துக்கு இப்போது 15 லட்சம் ரூபாய் தருகிறார்கள். கிராமங்கள் சில நகர்ந்துவிட்டன, பல நகரவில்லை. பாண்டுபோல் அனுமார் கோயில் உள்மண்டலத்தின் நடுவே இருக்கிறது, செவ்வாய், சனிக்கிழமைகளில் பக்தர்கள் வண்டி வண்டியாக வருகிறார்கள். ரன்தம்போர்க் கோட்டையின் திரிநேத்திர கணேசர் கோயிலுக்கும் அப்படியே. 2025 ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் ரன்தம்போரில் மூன்று பேர் புலி தாக்கி இறந்தார்கள், அதில் ஒருவன் கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஏழு வயதுச் சிறுவன். மேய்ப்பனைத் தடுப்பதில் காட்டும் கண்டிப்பை யாத்திரை வண்டிகளிடமும் சுற்றுலா ஜீப்புகளிடமும் காட்டாத வரை, மனிதத் தலையீடு இல்லாத உள்மண்டலம் என்று பேசுவது நியாயமாக இருக்காது.

இன்னொரு வழியும் ஆரவல்லியிலேயே இருக்கிறது. பாலி மாவட்டத்தில் ஜவாய் அணையைச் சுற்றி உருண்டு திரண்ட கருங்கல் குன்றுகள். அவற்றின் குகைகளில் சிறுத்தைகள் குட்டி போடுகின்றன. அதே குன்றின் உச்சியில் கோயில், படிக்கட்டில் பூசாரி, அடிவாரத்தில் ராபாரி மேய்ப்பர்களின் ஆடுகள். சிறுத்தை அவ்வப்போது ஆட்டைத் தூக்கும். மனிதர்களைத் தாக்குவது மிக அபூர்வம், பழிக்குப் பழியாகச் சிறுத்தையைக் கொல்வதும் அபூர்வம். 2013-இல் இதன் ஒரு பகுதியைச் சரணாலயமாக்காமல் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவித்தார்கள், ஆகவே மேய்ச்சல் தொடர்கிறது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. புலிக்குச் சிறுத்தையைப் போல ஆட்டுக்குட்டியும் நாயும் தின்று குன்றிடுக்கில் ஒதுங்கிக் காலம் தள்ள முடியாது, அதற்குப் பெரிய இரையும் ஆள் நடமாட்டமில்லாத பெரிய இடமும் வேண்டும். ஆனால் தாழ்ந்த குன்றுகளுக்கும் வழித்தடங்களுக்கும் ஜவாய் மாதிரியான ஏற்பாடுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். அதற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது, பயன்படுத்தத்தான் ஆள் இல்லை.

அடுத்து எங்கே பார்க்க வேண்டும்?

கும்பல்கரைப் புலிகள் காப்பகமாக்கும் யோசனைக்குப் புலிகள் ஆணையம் 2023 ஆகஸ்டில் கொள்கையளவில் சம்மதம் தந்தது. அப்படி வந்தால் அது ராஜஸ்தானின் ஆறாவது புலிகள் காப்பகம். ரன்தம்போர், சரிஸ்கா, முகுந்தரா, ராம்கர் விஷ்தாரி, தோல்பூர்-கரௌலி என்று ஏற்கெனவே ஐந்து உண்டு. அங்கே உள்மண்டலக் கோடு வரையும்போது கவனிக்க வேண்டியவை:

1. மே மாதத்தில் தண்ணீர் இருக்கும் இடங்கள் கோட்டுக்குள் வருகின்றனவா, அந்த ஊற்றுகளுக்கு நீர் தரும் மேற்சரிவுகளும் சேர்கின்றனவா.

2. பரப்பு கூடியது என்று சொல்லும் அறிக்கையில், உள்மண்டலம், வெளிமண்டலம் இரண்டின் பழைய, புதிய கணக்கும் இருக்கிறதா. நீக்கப்படும் துண்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் யாருடைய சுரங்கக் குத்தகை இருக்கிறது.

3. ராய்க்காக்களின் மேய்ச்சல் உரிமையை வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிராம சபைகள் வழியாக விசாரித்த பிறகு கோடு வருகிறதா, அதற்கு முன்பே வருகிறதா. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வி பிரிவு, உரிமைகள் தீர்க்கப்பட்டு, மக்கள் சம்மதித்த பிறகுதான் இடமாற்றம் என்கிறது.

4. வடகிழக்கே டோட்கர் ராவ்லி சரணாலயத்தை நோக்கிச் செல்லும் குன்றுகளுக்கு ஒதுக்கிடம் என்ற தகுதியாவது கிடைக்கிறதா. 100 மீட்டர் விவாதத்தில் புதிய குழு எந்த அளவுகோலைச் சொன்னாலும், இந்தக் குன்றுகளைப் பெயர் சொல்லிக் காப்பாற்ற மாநில அரசுக்கு இப்போதே அதிகாரம் இருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பு வரும் வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.